திரும்பி வராதவர்களைத் தேடி

பசிபிக்கில் ஒரு குட்டித் தீவு நாட்டின் புள்ளிவிவர அலுவலகத்தில் நான் சேர்ந்தபோது, கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளுக்குப் பழைய வளர்ச்சி விகிதத்தையே பெருக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தொலைவிலுள்ள ஒரு தீவின் செவிலியரைத் தடுப்பூசி விகிதம் குறைவு என்று கேள்வி கேட்டபடியே இருந்தார்கள். "ஊசி போடாத குழந்தை யாரும் இல்லை, நீங்கள் சொல்லும் அத்தனை குழந்தைகளே இங்கே இல்லை" என்றார் அவர். எனக்கு அது உறைத்தது.

பிறப்பு, இறப்புப் பதிவுகளை முதலில் சரிபார்த்தேன். தாமதப் பதிவுகளைச் சேர்த்தும் பெரிய ஓட்டை தெரியவில்லை. கோளாறு குடிபெயர்வில்தான் இருந்தது. பத்தாயிரம் பேர் வாழும் நாட்டில் ஒரு விமானம் நிறைய 150 பேர் போய்த் திரும்பாவிட்டால் ஒன்றரை விழுக்காடு குறைந்துவிடும். பசிபிக்கின் இன்னொரு தீவு நாடான மார்ஷல் தீவுகளில் 2011இல் 53,158 பேர். 2021இல் 42,418 பேர்தான். அங்கே பிறப்புகள் குறைவில்லை. விசா இல்லாமலே அமெரிக்கா சென்று வாழலாம் என்பதால் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள்.

எனவே நாட்டுக்குள் வருவோரும் வெளியே போவோரும் விமான நிலையத்தில் நிரப்பித் தரும் பயண அட்டைகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்தோம். வந்தவர்களைக் கூட்டிப் போனவர்களைக் கழித்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் சுற்றுலாப் பயணிகளின் கூட்டத்தில் உள்ளூர்க்காரர்களின் போக்கு மறைந்துபோனது. அதனால் ஒவ்வொருவர் போனதையும் வந்ததையும் இணைக்க வேண்டியிருந்தது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். பெயரோ அட்டைக்கு அட்டை வேறு எழுத்துகளில் இருக்கும். பிறந்த தேதியும் பாலினமும்தான் கைகொடுத்தன. ஓர் அட்டையில் "இரண்டு வாரம்" என்று பென்சிலால் எழுதியிருந்தது. அதே விமானத்தில் அந்தப் பெண்ணின் மூன்று பிள்ளைகள். மூன்று ஆண்டுகளாகியும் நால்வரில் ஒருவருக்கும் வருகை அட்டை இல்லை. அந்த நான்கு அட்டைகளையும் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

பன்னிரண்டு மாதம் வெளியே இருந்தால் குடிபெயர்ந்தவர் என்று வரையறுத்தோம். நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போகும் பருவகாலத் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஏழு மாதத்தில் திரும்பிவிடுவார்கள். அவர்களைக் கழித்திருந்தால் வேறொரு தவறு நேர்ந்திருக்கும்.

புதிய மதிப்பீடு பழையதைவிடக் கணிசமாகக் குறைந்தது. செவிலியரின் தீவுக்கான எண்ணை அனுப்புவதற்கு முன் அவரிடமே பெயர்ப் பட்டியல் கேட்டேன். அவருடைய நோட்டில் இருந்த குழந்தைகளுக்கும் எங்கள் கணக்குக்கும் இரண்டே பேர்தான் வித்தியாசம். இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த நோட்டின் நகல் எங்களுக்கு வருகிறது.