22 பிள்ளைகளும் வேனுக்கு இல்லாத ஒரு ரசீதும்

எங்கள் மாலைப் படிப்பகத்துப் பிள்ளைகள் 22 பேரைக் காலாண்டு விடுமுறையில் தேக்கடிக் காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பியாகிவிட்டது. பத்து நாள் ஆகியும் எனக்கு ஆறவில்லை. எங்கள் தேனி மாவட்டத்துக் கூடலூரில் இருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைதான் குமுளி, தேக்கடி அதை ஒட்டித்தான். அங்கே போக ஒன்றரை மாதம் அலைந்திருக்கிறேன். வேறு யாராவது பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைத்தால் இது பயன்படட்டும்.

இவர்களில் முக்கால்வாசிப் பேரின் அம்மாக்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடியும் முன்னால் ஜீப் ஏறினால் இருட்டித்தான் வீடு. பிள்ளைகளுக்கு மலை என்றால் அம்மா போகிற இடம். அதைவிட்டால் 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை இறங்கி வந்து கம்பம் தெருக்களில் ஓடியபோது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பயம். முல்லைப் பெரியாறு அணையைக் கேட்டால் 1895, பென்னிகுயிக் என்று பரீட்சைப் பதில் வரும். அந்த அணைத் தண்ணீர் தேங்கி நிற்கிற தேக்கடி ஏரியை ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை.

முதலில் கடிதம். "கல்விச் சுற்றுலாவுக்கு அனுமதி வேண்டி" என்று எழுதி எடுத்துப் போனேன். அனுமதி தருகிற அலுவலகத்தில் இருந்தவர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "டூர் போறதுக்கு எதுக்கும்மா இங்க வர்றீங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நடக்கப் போகிறோம், பார்க்கிறதை எழுதப் போகிறோம், வந்து உட்கார்ந்து பேசப் போகிறோம் என்று சொல்லச் சொல்ல அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்த ஒரு ஆசிரியர்தான் அப்புறம் சொன்னார், சுற்றுலா என்ற சொல்லையே எடுத்துவிட்டு "களப்பயணம்" என்று போடுங்கள், என்ன பாடம், யார் பொறுப்பு, முதலுதவிக்கு யார் என்று ஒரு பக்கம் சேருங்கள் என்று. இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்கள். போனஃபைட், அதாவது இந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்ற சான்றிதழ், கேட்டார்கள். மூன்றாம் தடவை போனஃபைடோடு போனால் "அப்பா, அம்மா ரெண்டு பேர் கையெழுத்தும் வேணுமே" என்கிறார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் கூலி மிச்சமாகியிருக்கும். போகிற எல்லாரும் தயவுசெய்து "இன்னும் என்னென்ன தாள் வேணும், ஒரே தடவையில சொல்லிருங்க சார்" என்று கேட்டு, அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். போனஃபைடைக் கடைசிப் பரீட்சைக்கு முன்பே வாங்கிவிடுங்கள், பள்ளி பூட்டிவிட்டால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

கையெழுத்துக்கு வீடு வீடாகப் போய்ப் பயனில்லை, ஆள் இருக்க மாட்டார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு ஜீப் நிற்கிற இடத்துக்கே போனேன். டார்ச் வெளிச்சத்தில் பானட்டின் மேல் தாளை வைத்து வாங்கினேன். பாதிப் பேர் கைநாட்டு. ஏலக்காய் பறித்துப் பறித்துக் கறை ஏறிக் கறுத்த கட்டைவிரல்கள், மை எது கறை எது என்று தெரியவில்லை, ரேகையும் சரியாக விழவில்லை. ஒரு அம்மா விரலைச் சேலையில் தேய்த்துத் தேய்த்து மூன்று தடவை வைத்தார், ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மைப்பெட்டி புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், ஈரத்துணி ஒன்றும் எடுத்துப் போங்கள்.

ஒரு பாட்டி கடைசிவரை சம்மதிக்கவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. படகே கிடையாது, நடை மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "தண்ணி இருக்குல்ல?" என்றார். அதற்குமேல் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அந்த நாளில் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி, இரைச்சல் பாலத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கத்தி, எல்லாம் நன்றாகப் போனது. எல்லையில் வேனை நிறுத்தினார்கள். கேரளாவுக்கான தற்காலிகப் பர்மிட்டும் வரி ரசீதும் எங்கே? வேன்காரர் இரண்டு வாரமாக என்னிடம் "அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கட்டவே இல்லை. அங்கே நின்று அதைக் கட்டுகிற பரிவாகன் இணையதளத்தைத் திறந்தால் நெட் சுற்றிக்கொண்டே இருந்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது, எங்களுக்கோ காட்டுக்குள் போகக் குறித்த நேரம் நெருங்கிவிட்டது. சரி, இறங்குங்கள் என்றேன். குமுளியில் எல்லை ஊருக்குள்ளேயே இருப்பது அன்றைக்குக் கைகொடுத்தது. தமிழ்நாட்டுப் பக்கம் வேனை விட்டுவிட்டு, இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடந்தே கேரளாவுக்குள் போனோம். வேனில் போயிருந்தால் எல்லையைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஒரு பையன் ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்து நின்றுவிட்டு, "அம்மா தெனமும் வேற மாநிலத்துக்கா வேலைக்குப் போறாங்க?" என்று கேட்டான். ரசீதை முன்தினமே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வேனை உறுதி செய்யவேண்டும், நான் இனி அப்படித்தான்.

காட்டுக்குள் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. வழிகாட்டி பளியர் பழங்குடியைச் சேர்ந்தவர், நல்ல தமிழ் பேசினார். யானை லத்தி, மலையணில், கருமந்தி எல்லாம் காட்டினார். ஏரியைப் பார்த்ததும் இரண்டு நிமிஷம் ஒருத்தரும் பேசவில்லை.

முந்தின நாள் மழை, அதனால் அட்டைகள் ஏராளம். முழங்கால் வரை துணி உறை கட்டியும் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓரத்தில் நுழைந்துவிட்டது. அவள் அழவில்லை. உப்பு வைத்ததும் சுருண்டு விழுந்த அட்டையையும் நிற்காமல் வடிந்த ரத்தத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நடை முடிந்து வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொன்று சொல்லும்போது அவள் முறை வந்தது. "அம்மா ராத்திரி கால்ல சுண்ணாம்பு தடவும். ஏதோ சொறின்னு நெனச்சேன். இதுதான்க்கா அது" என்றாள். அப்புறம் அந்தத் துணி உறை எங்கே விற்கும், என்ன விலை என்று கேட்டாள். தயவுசெய்து இந்தப் பேச்சுக்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள், சாப்பாட்டு நேரத்தைச் சாக்கு வைத்து வெட்டிவிடாதீர்கள்.

பட்டியலில் 26 பேர் இருந்தார்கள். வர முடியாத நால்வரில் ஒருவன் பாட்டி வீட்டுப் பையன். மற்ற மூவரின் அப்பாக்களும் திருப்பூரில் இருப்பதால் கையெழுத்து வரவில்லை. ஜனவரியில் அவர்களையும் சேர்த்து இன்னொரு தடவை போகிறோம். தீபாவளிக்கு அப்பாக்கள் ஊருக்கு வரும்போதே படிவத்தை வாங்கிவிடவேண்டும்.