பேத்தியின் ஊசி அட்டையும் எங்கள் வீட்டுப் பங்கீடும்

தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கு, 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பேறுகாலத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், கடைசி மாதங்களில் வீட்டில் இருந்துவிட்ட எங்கள் மருமகள், பேத்திக்கு ஆறு மாதம் முடிவதற்குள்ளாகவே அலுவலகம் திரும்ப வேண்டியதாயிற்று. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு இணை உணவு என்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கையும் இந்த விடுப்புக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குழந்தைக்குச் சோறூட்டக் கற்றுக்கொடுக்கும் மிகச் சிக்கலான காலம் தொடங்கும்போதுதான் தாய் வீட்டை விட்டுப் புறப்படுகிறாள் என்பது புரியும். தமிழ்நாட்டு அரசு ஊழியராக இருந்தால் 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு உண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி கிடைக்கிறதே தவிர, விடுப்பு என்ற பேச்சே கிடையாது.

இந்த இடைவெளியை நம் ஊரில் பாட்டிகள்தான் நிரப்புகிறார்கள். ஆனால் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போய்வா" என்று சொல்வது வேறு, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்வது வேறு. முன்னதில் எல்லாரும் குழந்தையைக் கொஞ்சுவார்கள். சொட்டு மருந்துக்குரிய நாள் மட்டும் எல்லாருக்கும் மறந்துபோகும். எங்கள் வீட்டில் சாப்பாடு என் மனைவியிடமும், ஊசியும் மருந்தும் மகனிடமும், அட்டையும் பேச்சும் விளையாட்டும் என்னிடமும் வந்து சேர்ந்தன. காலையும் இரவும் பாலூட்டுவதும், பகலுக்கான பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவதும் மருமகளின் பங்கு. அவள் பங்கு இதற்கு மேல் கூடக் கூடாது என்பதே இந்தப் பங்கீட்டின் நோக்கம்.

அட்டையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கருவுற்றதைப் பதிவு செய்தவுடன் அரசு தரும் தாய் சேய் நல அட்டையை எல்லாரும் 'ஊசி அட்டை' என்றே அழைப்பதால், அதற்குள் ஊசிக்கட்டம் தவிர வேறெதுவும் இல்லை என்ற எண்ணம் பரவிவிட்டது. உள்ளே வளர்ச்சி வரைபடம் ஒன்று இருக்கிறது. ஆண் குழந்தைக்கு நீலத்திலும் பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பிலும் தனித்தனிப் பக்கங்கள். வயது அடிக்கோட்டிலும் எடை நிமிர்ந்த கோட்டிலும் இருக்கும். நடுவில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகள் ஓடும். அங்கன்வாடியில் எடை பார்த்துப் புள்ளி வைத்து முந்தைய புள்ளியோடு இணைத்தால் கோடு கிடைக்கிறது. பெரும்பாலோர் புள்ளி பச்சைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது கோட்டின் போக்கு. பச்சையின் கீழ் விளிம்பிலேயே இருந்தாலும் ஒழுங்காக ஏறிக்கொண்டு போகும் கோடு கவலைக்குரியதன்று. பச்சையின் நடுவில் இருந்துகொண்டே இரண்டு மாதம் படுத்துவிடும் கோட்டுக்குக் காரணம் தேட வேண்டும்.

பேத்திக்கு ஒரு வயது நெருங்கியபோது, ஒரு வயிற்றுப்போக்குக்குப் பின் அவள் கோடு அப்படித்தான் படுத்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலும் 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுத்தாயிற்று. ஆனால் வயிற்றுப்போக்கின்போது சாப்பாட்டைக் குறைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன வழக்கம். கிராம சுகாதார செவிலியர், அந்த நாட்களில் உணவை நிறுத்தக் கூடாது என்பதோடு, குணமான பின் குறைந்தது இரண்டு வாரத்துக்கு நாள்தோறும் ஒருவேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றும் என் மனைவியிடம் சொன்னார். அடுத்த மாதமே கோடு நிமிர்ந்துவிட்டது. இதே செய்தியை மருமகள் சொல்லியிருந்தால் அது மாமியார் மருமகள் வழக்காக முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. செவிலியர் வாயிலிருந்து வந்ததால் என் மனைவி அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி போடும் புதன்கிழமைகளில் துணை சுகாதார நிலையத்துக்குப் பாட்டியையும் அழைத்துப் போவது நல்லது என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

சாப்பாட்டில் எங்கள் வீட்டில் நடந்த பெரிய விவாதம் கெட்டியைப் பற்றியது. ஆறு மாதக் குழந்தைக்குப் பருப்புத் தண்ணீர், ரசத் தெளிவு, சோறு வடித்த கஞ்சி என்று நீர்த்ததாகத் தொடங்குவதே என் மனைவிக்குத் தெரிந்த முறை. "கெட்டியாகக் கொடுத்தால் மாந்தம் தட்டிவிடும்" என்பது அவர் வாதம். குழந்தையின் இரைப்பை ஒருவேளைக்கு ஏற்கும் அளவு, எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லி. ஏழு கிலோ குழந்தைக்கு அது ஒரு தம்ளர் கூட இல்லை. அந்தச் சிறிய இடத்தைப் பருப்புத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகிவிடாமல் நிற்க வேண்டும் என்பதே செவிலியர் சொல்லும் சோதனை. குழையக் குழைய வெந்த சோற்றையும் பாசிப்பருப்பையும் ஒரு சொட்டு நெய்யோடு விரலால் மசித்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் என் மனைவி கொடுத்தபோது மாந்தமும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. அதன்பின் மசித்த பூசணி, முருங்கைக்கீரை, வேகவைத்த முட்டை, அங்கன்வாடிச் சத்துமாவுக் களி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்கவில்லை. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கத்தை மட்டும் மருத்துவமனையிலேயே தடுத்துவிட்டோம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிரால் நரம்பைத் தாக்கும் நஞ்சு உண்டாகலாம் என்பதால் அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஒரு வயது முடிந்தவுடன் வேறொரு கலவரம் தொடங்கியது: குழந்தை சாப்பிடவே மாட்டேன் என்கிறாள். இது ஏறத்தாழ எல்லா வீட்டிலும் கேட்கும் குரல். முதல் ஆண்டில் பிறப்பு எடையைப்போல் மூன்று மடங்காகும் குழந்தை, இரண்டாம் ஆண்டு முழுவதிலும் இரண்டு, இரண்டரை கிலோ மட்டுமே கூடும். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயற்கை. இதை அறியாத வீட்டில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. கைப்பேசியில் ஏதாவது ஓடவிட்டு, குழந்தை வாய் திறந்திருக்கும் நேரமாகப் பார்த்து ஊட்டுகிறார்கள். அல்லது சோறு போகவில்லையே என்று பாலைப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். முதலாவது, தன் பசியையும் நிறைவையும் தானே உணரும் திறனைக் குழந்தையிடமிருந்து பறிக்கிறது. இரண்டாவது இன்னும் மோசம். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் மற்ற உணவுக்கு வயிற்றில் இடமிருக்காது. கொழுகொழுவென்றிருக்கும் பால் குடிக்கும் குழந்தைகள் பல வெளுத்துப்போய் இருப்பதற்குக் காரணம் இதுவே. தேநீரில் பிஸ்கட்டோ வர்க்கியோ நனைத்து ஊட்டும் பழக்கத்தையும் இத்துடன் சேர்க்க வேண்டும், ஏனெனில் தேநீர் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காதபடி தடுக்கும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. முந்தைய ஆய்வில் இது 50.7 ஆக இருந்தது. மருத்துவ வசதியில் முன்னே நிற்கும் மாநிலத்தில் இந்த எண் ஏறியிருக்கிறது என்பதைப் படித்தபோது, இது மருத்துவமனைகளில் மட்டும் தீரும் காரியம் அன்று, வீட்டு அடுக்களைக்கும் இதில் பங்குண்டு என்று எனக்குத் தோன்றியது.

மகனின் பங்கு இங்கேதான் வருகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரத்துக்கு இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து அரசே இலவசமாகத் தருகிறது. வாங்கி வந்த புட்டிகள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் வீடுகள் பல. மருந்து தொடங்கியதும் மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்பின் நிறமே தவிர நோயன்று. மகன் புதனும் ஞாயிறும் என்று வைத்துக்கொண்டு, பால் குடித்த நேரத்தைத் தவிர்த்து, சாப்பிட்ட பின் கொடுத்து, நாட்காட்டியில் குறித்துவிடுவான். 6, 10, 14 வாரங்களின் ஊசிகளுக்கும், ஒன்பது மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா ஊசியோடு வைட்டமின் ஏ திரவத்துக்கும் அவன்தான் தூக்கிச் சென்றான். ஊசி போடும் வரிசையில் நிற்கும் ஒரே ஆண் என்ற கூச்சம் அவனுக்கு முதலில் இருந்தது. இப்போது செவிலியர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

என் பங்கில் பேச்சும் விளையாட்டும் இருப்பதால், ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்குரிய குணத்தோடு இதை நீட்டிச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை வகுப்பில் பல ஆண்டு நடத்தியிருக்கிறேன். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து இரு கைகளையும் தட்டுவது. பதின்மூன்றாம் மாதம் வருகை: தளர்நடையிட்டு வருவது. பதினைந்தாம் மாதம் அம்புலி: நிலவைச் சுட்டி விளையாட வா என்று அழைப்பது. இவை இலக்கிய மரபு, மருத்துவ அட்டவணை அல்ல. ஆயினும் மருத்துவர்கள் இன்று கவனிக்கச் சொல்லும் படிநிலைகளுக்கு இவை எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பதைப் பேத்தியின் வளர்ச்சியோடு ஒப்பிட்டபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். குறிப்பாக அம்புலி. குழந்தை ஒரு பொருளை விரலால் சுட்டி, நம் முகத்தைத் திரும்பிப் பார்த்து, நாமும் அதைப் பார்க்கிறோமா என்று உறுதி செய்துகொள்வது மொழி வளர்ச்சியின் மிக முக்கியமான அறிகுறிகளுள் ஒன்று. ஒன்றரை வயதிலும் விரல் சுட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, பொருளோடு ஒரு சொல்லும் வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

நம் குடும்பங்கள் எடைக்குப் பதறும் அளவில் பத்தில் ஒரு பங்கு கூடப் பேச்சுக்குப் பதறுவதில்லை. "அவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று ஒருவர் சொன்னால் போதும், எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். காது கேளாமையாக இருந்தால் அந்தக் காத்திருப்பின் விலை மிகப் பெரிது, ஏனெனில் மூளை ஒலியைப் பழகிக்கொள்ளும் காலம் முதல் சில ஆண்டுகளே. மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பகால இடையீட்டு மையங்களில் காது, கண், பேச்சு, இயக்கம் அனைத்தையும் இலவசமாகச் சோதிக்கிறார்கள்; உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அறுவைக்குக் கூட முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு வழியிருக்கிறது. வயது கடந்தபின் கேட்டுப் பயனில்லை.

நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. மாலையில் அவளைத் திண்ணையில் உட்காரவைத்துக்கொண்டு, தெருவில் போவதை அவள் சுட்டும்போது அதன் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துவேன். அந்த நிறுத்தம் முக்கியம். "மாடு" என்று சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டால், சில நொடி கழித்து அவளிடமிருந்து "மா" என்றோ வெறும் உறுமலாகவோ ஒரு பதில் வரும். அதற்கு நான் "ஆமாம், மாடு போகுது, கொம்பு பார்" என்று தொடர்வேன். கைப்பேசி எவ்வளவு நன்றாகப் பேசினாலும் குழந்தை சொன்னதற்காகக் காத்திராது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதன் உட்பொருளை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். பயணத்தில் இருக்கும் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதை மட்டும் நாங்கள் விலக்கவில்லை.

பழைய வழக்கங்களில் எதை வைத்துக்கொள்வது என்பதிலும் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தோம். நல்லெண்ணெய் தேய்த்துக் கைகால் நீவிவிடுவதும், தூளியும், தாலாட்டும் அப்படியே தொடர்ந்தன. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது நின்றது, எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். சாம்பிராணிப் புகை குழந்தையின் அறையைவிட்டு பூசையறைக்குப் போயிற்று. நடைவண்டியில் பழைய மரத்தாலான மூன்று சக்கரத் தள்ளுவண்டி இருக்கிறது, பிளாஸ்டிக்கில் குழந்தையை உட்காரவைக்கும் வாக்கர் வரவில்லை.

எங்கள் பங்கீட்டில் கடைசியாக ஒரு திருத்தம் வேண்டியிருந்தது, அதைச் சுட்டியவர் என் மனைவி. குழந்தையின் எடைக்கும் இரும்புக்கும் இத்தனை கணக்கு வைத்திருக்கும் வீட்டில், பாலூட்டும் பெண்ணின் இரும்பு மாத்திரை பாதியில் நின்றுபோயிருந்தது. பேறுகாலத்துக்குப் பின் ஆறு மாதம் வரை அவளுக்கும் இரும்பும் கால்சியமும் தேவை. அத்துடன், இரவில் மூன்று முறை எழுந்துவிட்டுக் காலையில் பேருந்து பிடிக்கும் ஒருத்தியிடம் பொறுமையையும் சிரிப்பையும் எதிர்பார்க்க முடியாது. இப்போது அதிகாலைப் பாலூட்டல் முடிந்தவுடன் மகன் குழந்தையைக் கூடத்துக்குத் தூக்கி வந்துவிடுகிறான். மருமகள் ஏழு மணி வரை தூங்குகிறாள். அடுத்ததாக 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய ஊக்க ஊசிகள் இருக்கின்றன. அந்தப் புதன்கிழமைக்கு மகனால் விடுப்பு எடுக்க முடியாது போலிருக்கிறது, ஆகவே அட்டையோடு குழந்தையையும் நானே தூக்கிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.