திருச்சி வழியாகச் சிட்னி: அம்மாவின் டிக்கெட் கணக்கு

மே முதல் வாரம் பிரசவம் என்று டாக்டர் நாள் சொன்ன அன்றே சிட்னியிலிருந்து தங்கை போன் செய்துவிட்டாள். "அண்ணே, அம்மாவைக் கூட்டிட்டு வந்துடு." அம்மாவுக்கு 66 வயது. அதுவரை விமானம் ஏறியதில்லை. எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் லீவு கிடைக்காது. அம்மாவோ பத்துப் பதினோரு வாரமாவது அங்கே இருந்தாக வேண்டும். ஆக, போகும்போது இரண்டு பேர், திரும்பும்போது ஆளுக்கொரு தேதியில் தனித்தனி. தஞ்சாவூரில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தபோது இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. எது மலிவு என்று மட்டும்தான் பார்த்தேன்.

மாதம் நன்றாக அமைந்தது. டிசம்பர், ஜனவரி அங்கே கோடை விடுமுறை. பிப்ரவரியில் கல்லூரி திறப்பதால் மாணவர் கூட்டம். அந்த மாதங்களின் விலையைச் சும்மா தட்டிப் பார்த்தேன், சட்டென்று மூடிவிட்டேன். ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறையைத் தாண்டிவிட்டால் விலை இறங்குகிறது, அங்கே குளிர் ஆரம்பிக்கும் நேரம். மே மாதம் பிறக்கிறேன் என்று முடிவு செய்ததுதான் மருமகள் எங்கள் பர்ஸுக்குச் செய்த முதல் உபகாரம். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். இரண்டு செவ்வாய் முழித்துப் பார்த்தேன், தூக்கம் கெட்டதுதான் மிச்சம். கூகுள் ஃப்ளைட்ஸில் மாதம் முழுவதையும் நாள்வாரியாக விரித்துப் பார்த்ததுதான் உருப்படியாக உதவியது. இரண்டு நாள் முன்னே பின்னே நகர்ந்தாலே ஆளுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் வித்தியாசம் வந்தது.

சென்னையிலிருந்து சிட்னிக்கு நேரடி விமானம் இல்லை. பெங்களூரிலிருந்து குவாண்டாஸ் 2022 முதல் நேராகப் போகிறது, டெல்லியிலிருந்து ஏர் இந்தியா போகிறது. மற்றபடி சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இறங்கி ஏற வேண்டும். சென்னையிலிருந்து பெரிய விமானக் கம்பெனியில், சாப்பாடு, பெட்டி எல்லாம் சேர்த்து, போக வர ஆளுக்கு 84,000. பெங்களூர் அதற்கும் மேலே. கோலாலம்பூரில் இரண்டு தனித்தனி டிக்கெட்டாக, வேறு வேறு கம்பெனியில் எடுத்தால் 51,000. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பதால், வெளியே வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி செக்-இன் செய்யலாம். ஆஹா, முடிந்தது வேலை என்று கார்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள். "சரி, வர்றப்ப அத்தை தனியாத்தானே வர்றாங்க? கோலாலம்பூர்ல பெட்டியை எடுத்துக்கிட்டு எந்த டெர்மினலுக்குப் போவாங்க?"

கார்டைப் பர்ஸுக்குள் வைத்தேன். அங்கே இரண்டு டெர்மினல், நடுவில் ரயில். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போச்சு. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் கம்பெனிக்காரர் அதற்குப் பொறுப்பு ஏற்க மாட்டார். நான் என்றால் எங்காவது மூலையில் படுத்துச் சமாளிப்பேன். அம்மா?

அன்று இரவு ஒரு பழைய டைரியை எடுத்துக் கணக்கை மாற்றிப் போட்டேன். அம்மா திரும்பி வரும் பயணத்தை முதலில் முடிவு செய்வது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. செலவையும் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தங்கை வீட்டு வாசல் வரை எழுதினேன். அப்போதுதான் சென்னை கணக்கு பல்லிளித்தது. தஞ்சாவூரிலிருந்து ராத்திரி ரயில், பகல் முழுக்கத் தங்க ஒரு அறை, ஆட்டோ. அம்மா திரும்பும் நாளில் அவரை அழைத்துவர நான் மறுபடி சென்னை போக வேண்டும், அதற்கு இரண்டு நாள் லீவு.

திருச்சி விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் என்ற மலிவு விமானம் போகிறது, அதே ஸ்கூட் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கும் போகிறது. ஒரே புக்கிங்காக எடுத்தால் பெட்டி நேராகக் கடைசி ஊரில்தான் வெளியே வரும். நடுவில் குடியேற்றச் சோதனை இல்லை, எனவே சிங்கப்பூர் விசாவும் தேவைப்படவில்லை. இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்துகொண்டு, வெளிநாடு என்றால் மீனம்பாக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலிவு விமானங்களில் இன்னொரு வசதி, ஒருவழி டிக்கெட்டைத் தனியாக வாங்கினாலும் விலை ஏறுவதில்லை. அதனால் போக இருவருக்கும் சேர்த்து ஒரு புக்கிங், திரும்ப ஆளுக்கொன்று. முதலில் காட்டிய விலை போக வர ஆளுக்கு 50,000. அதோடு பெட்டிக்கு 25 கிலோ, அம்மாவுக்கு ஓரத்து சீட், ஒரு வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்ததும் 64,000 ஆனது. முதல் திரையில் வரும் விலையை நம்பி யாரிடமும் சொல்லிவிட வேண்டாம். பெட்டி எடையை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். கவுன்டரில் போய்க் கேட்டால் சொல்லும் விலையில் மயக்கம் வரும்.

விசா வந்த பிறகுதான் பணம் கட்டினேன். ஆஸ்திரேலியாவின் 600 என்கிற பார்வையாளர் விசா. தங்கையின் அழைப்புக் கடிதம், அம்மாவின் பென்ஷன் பாஸ்புக், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஆன்லைனில் ஏற்றினோம். காத்திருந்த நாட்களில் விலை இரண்டாயிரம் ஏறியது. பரவாயில்லை, விசா மறுத்திருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

மாட்டிக்கொண்டது பெயரில். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் என்ற இடம் காலி. டிக்கெட் படிவமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகர மாட்டேன் என்கிறது. இரண்டாயிரம் ரூபாய் குறைவாக இருந்ததே என்று போகும் டிக்கெட்டை மட்டும் ஒரு பயண ஏஜென்சி மூலம் எடுத்தேன். அங்கே போனில் பேசியவர் "அப்பா பேரைப் போட்டுடலாம் சார்" என்று அவரே போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், டிக்கெட்டில் இரண்டு. விமானம் ஏற விடுவார்களா என்ற பயத்தில் நான்கு நாள் போன், கடைசியில் 3,500 ரூபாய் கட்டித் திருத்தினோம். ஒரே பெயர் உள்ளவர்களுக்கு என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம். சில இடத்தில் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கிறார்கள். இனிஷியல்காரர்களாகிய நாம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே எடுப்பது நல்லது. மிச்சம் பிடிக்கப் போய் 1,500 நஷ்டம்.

பெட்டி கட்டும் வைபவத்தைத் தனியாகவே எழுதலாம். கையில் எடுத்துப்போக 10 கிலோதான். கொக்கித் தராசில் அம்மாவின் பையைத் தூக்கினால் 14 காட்டியது. வீட்டு நெய், கறிவேப்பிலை, விதைக்கென்று முடிந்து வைத்த அவரை எல்லாம் வெளியே வந்தன. ஆஸ்திரேலியாவில் இதற்கெல்லாம் ரொம்பக் கறார். சுண்டைக்காய் வத்தலையும் பருப்புப் பொடியையும் பிரசவ லேகியத்தையும் விடமாட்டேன் என்றார். சரி, சீல் வைத்துப் பெயர் எழுதி ஒரே பையில் போட்டேன். விமானத்தில் கொடுத்த அட்டையில் உணவுப் பொருள் உண்டா என்ற இடத்தில் 'ஆம்' என்று குறித்தேன். மறைத்தால்தான் அபராதம். சிட்னியில் அந்த அதிகாரி வத்தல் பாக்கெட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், என்ன இது என்று கேட்டார். "கசக்கும்" என்றார் அம்மா. நான் மொழிபெயர்த்தேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நடுவில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏழு மணி நேரம். கால் பிடித்துவிடும் மெஷின் அங்கே சும்மாவே கிடைக்கிறது. அம்மா அதில் உட்கார்ந்தபடி, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டார். அங்கே ஜுவல் என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் கொட்டும் அருவியைப் பார்க்க வேண்டும் என்று என் மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். அது குடியேற்றத்துக்கு வெளியே இருக்கிறது. ஆனால் மூன்றாம் டெர்மினலுக்கும் இரண்டாம் டெர்மினலுக்கும் இடையே ஓடும் குட்டி ரயில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் புகுந்து போகிறது. சில விநாடிகள்தான், ஜன்னல் பக்கம் முழுக்கத் தண்ணீர் கொட்டுகிறது. காசில்லாமல் மூன்று முறை போய் வந்தோம்.

நான் திரும்பிய நாளில் இன்னொரு சின்ன மிச்சம். சிட்னி விமான நிலைய ரயில் நிலையத்தில் ஏற இறங்க, வழக்கமான கட்டணத்துக்கு மேல் அப்போது சுமார் 17 டாலர் தனியாகப் பிடித்தார்கள். தங்கை வீடு இருக்கும் தூங்காபியில் இருந்து பர்வுட் வரை ரயில், அங்கிருந்து 420 நம்பர் பஸ். நேரம் கூட ஆகும், அந்த 17 டாலர் கிடையாது. மாப்பிள்ளை காரில் விடுகிறேன் என்றார். கைக்குழந்தை உள்ள வீட்டில் அவரை அலைக்கழிப்பானேன் என்று மறுத்துவிட்டேன். பஸ்ஸில் போகும் ஆசையும் இருந்தது.

அம்மாவுக்கு அந்தச் சிக்கனம் கிடையாது. காரில் போய், வீல்சேர் வரும்வரை தங்கையும் மாப்பிள்ளையும் கூடவே நிற்பது என்று ஏற்பாடு. வீல்சேருக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டிருந்தோம். பகலில் கிளம்பும் விமானமாகத்தான் எடுத்திருந்தேன். சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை விமானங்களுக்குத் தடை. ராத்திரி விமானம் தாமதமாகி அந்த நேரத்தில் சிக்கினால் மறுநாள்தான். கழுத்தில் தொங்கிய பையில் போர்டிங் பாஸும், என் நம்பரும், தங்கை நம்பரும்.

ஜூலையில் ஒரு நள்ளிரவு, திருச்சியில் கம்பிக்கு வெளியே நான் கை பிசைந்துகொண்டு நின்றேன். வீல்சேர் வரவில்லை. அம்மா நடந்து வந்தார், பெட்டியை வேறு யாரோ தள்ளிக்கொண்டு வந்தார்கள். "ஒரத்தநாட்டுப் பையன் தம்பி, சிங்கப்பூர்ல வெல்டிங் வேலை. கேட்டுல உட்கார்ந்திருந்ததுல பாதிப் பேரு நம்ம பக்கம்தான். அங்க எறங்குனதுமே ஊருக்கு வந்துட்ட மாதிரி இருந்துச்சு." அந்தப் பையனைப் பேருந்து நிலையம் வரை நம் காரிலேயே விடச் சொல்லிவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.