முதலுதவி வகுப்பில் மூச்சை எண்ணக் கற்றேன்

முதலுதவிப் பயிற்சிக்கு நானாக விரும்பிப் போகவில்லை. அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கு ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் நழுவ, கடைசியில் என் தலையில் வந்து விழுந்தது. கட்டுப் போடுவது, தீக்காயத்துக்கு மருந்து தடவுவது என்று பொழுது போய்விடும் என்ற நினைப்பில்தான் போனேன்.

பல வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர்தான் பயிற்சி கொடுத்தார். முதல் வேலையாக, பக்கத்தில் இருப்பவரின் நாடியைப் பார்க்கச் சொன்னார். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வைக்க வேண்டும். கட்டைவிரலை வைத்துப் பார்க்கக் கூடாது. அதன் துடிப்பே நமக்குக் குழப்பம் தரும். அழுத்திப் பிடித்தாலும் துடிப்பு அடங்கிப் போகும். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும்; தாளம் தப்புவதாகத் தோன்றினால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். சும்மா இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம்.

நாடி சீக்கிரமே கைவந்துவிட்டது. மூச்சுதான் படுத்தியது. "உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்ன மறுநொடியே எதிரில் இருப்பவரின் மூச்சு மாறிவிடுகிறது. சிலர் இழுத்து இழுத்து விட்டார்கள், சிலர் சிரித்தார்கள். அதற்கு அந்த அம்மா ஒரு வழி சொன்னார். நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடாதீர்கள். நாடி பார்க்கிறார் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. பயிற்சி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

விரலில் மாட்டினால் நாடியையும் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவையும் எண்ணாகக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். கேட்டவரின் விரலை ஐஸ் தண்ணீரில் முக்கியெடுக்கச் சொல்லி, அந்த அம்மா கருவியை மாட்டிக் காட்டினார். எண் தடுமாறியது, வெகுநேரம் நிலைக்கவே இல்லை. நகப்பூச்சு இருந்தாலும் குழப்பும் என்றார். கருவி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. முதலில் ஆளைப் பார், அப்புறம் எண்ணைப் பார் என்றார்.

அடுத்து சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை என்றால், உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பார்வை 10 வினாடியைத் தாண்டக் கூடாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இதயம் நின்ற சற்று நேரத்துக்குச் சிலர் வாயைத் திறந்து, விட்டு விட்டுக் கேவுவதுபோல் காற்றை இழுப்பார்கள். பார்ப்பவர் மூச்சு வந்துவிட்டது என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அது மூச்சில் சேர்த்தியில்லை. உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். இதைக் காட்டும் வீடியோவைப் போட்டபோது எங்களில் பாதிப் பேர் மூச்சு இருக்கிறது என்றுதான் கை தூக்கினோம்.

அழுத்துவதற்கு உடல் பலம் வேண்டும். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு பழையபடி எழும்ப விட வேண்டும். நாங்கள் அழுத்திப் பழகிய பயிற்சிப் பொம்மைக்குள் ஒரு விசை இருந்தது. ஆழம் சரியாக இருந்தால்தான் 'க்ளிக்' என்றது. இரண்டு நிமிடத்தில் எனக்குத் தோள் இற்றுப்போனது, அழுத்தம் குறைந்தது எனக்கே தெரியவில்லை, க்ளிக் நின்றுபோனதுதான் காட்டிக்கொடுத்தது. ஆள் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளச் சொல்வது இதனால்தான். இந்த மாதிரிப் பொம்மையை 1960-ல் முதலில் செய்தவர் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால். அதன் முகம், பாரிஸின் சேன் ஆற்றில் இறந்து கிடந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகவார்ப்பைப் பார்த்து அமைந்ததாம். அதைக் கேட்ட பிறகு பொம்மையை அழுத்தவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ரத்தக்கசிவு, வலிப்பு எல்லாம் வேகமாகப் போயின. ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் நேரடியாக அழுத்திப் பிடி, அடிக்கடி திறந்து பார்க்காதே. வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காதே, கையில் சாவி கொடுக்காதே, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று பார்.

தேர்வு முடிந்து கொஞ்ச நாளில் அலுவலகப் படிக்கட்டில் ஒருவர் சரிந்தார். கூப்பிட்டேன், பதில் இல்லை, ஆனால் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. ஒருவரை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார். நினைவில்லாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும் என்று தடுத்தேன். கோபித்துக்கொண்டார், பரவாயில்லை. கையைப் பிடித்தால் ஜில்லென்று வியர்வை. நாடி 110, மூச்சு 24. நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். சில நிமிடத்தில் கண் விழித்தவர் நெஞ்சை யாரோ அமுக்குவதுபோல் இருக்கிறது என்றார். முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் வைத்தேன், நடக்க விடவில்லை. மறுபடி எண்ணினேன், எழுதினேன்.

ஆம்புலன்ஸில் வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு விழுந்தார்?" தாளை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு அதை அப்படியே தன் படிவத்தோடு கிளிப் போட்டு வைத்துக்கொண்டு, இ.சி.ஜி. எடுக்கச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.