தட்டுவடை எண்ணெயும் ஏடிஆர் விமானமும்

சேலம் விமான நிலையம் இருக்கிற காமலாபுரத்தில் விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்கு முட்டு வைப்பேன், அப்புறம் ஜிபியு. நிற்கிற விமானத்துக்குக் கரண்ட் கொடுக்கிற டீசல் ஜெனரேட்டர் வண்டி அது. இங்கே வருகிற ஏடிஆர் 72 என்ற விசிறி வைத்த சின்ன விமானத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய ஜெட்டுகளில் இதற்கென்றே வாலில் ஒரு குட்டி எஞ்சின் இருக்கும், இதில் கிடையாது. வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டுவிடுவார்கள். எஞ்சின் உறுமும், விசிறி அசையாது. ஹோட்டல் மோட் என்று பெயர். ஜிபியு வயரைச் செருகினால் அதையும் அணைத்துவிடலாம், எரிபொருள் மிச்சம். ஆனால் எங்கள் வண்டி கக்கும் டீசல் புகை சட்டையோடு வீட்டுக்கே வரும்.

ஒரு பயிற்சி வகுப்பில், ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்றார்கள். ஒரு கிலோ எப்படி சார் மூணு கிலோ ஆகும் என்று கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் சேர்ந்துகொள்கிறதாம். சரி, அப்படியானால் நான் அணைக்க உதவுகிற பத்து இருபது நிமிடம், மேலே போய் எரிப்பதோடு ஒப்பிட்டால் கொசுறுதான்.

அதற்காக விமானமே வேண்டாம் என்று யாராவது பேசினால் எனக்கு 2021 ஞாபகம் வரும். அப்போது சேலத்தில் விமான சேவையே நின்றுபோனது, 2023 அக்டோபரில்தான் திரும்பி வந்தது. நடுவில் நான் பெங்களூருவில் வாடகை அறையில் கிடந்தேன். புகையைக் குறைக்கச் சொல்லுங்கள், செய்கிறோம், எங்களையே குறைத்துவிடாதீர்கள்.

இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியும். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாமா, காபிச் செடியைப் பூக்க வைக்கிற பூ மழை தேதி தவறிப் போவதைப் பற்றி வருடா வருடம் புலம்புவார். அவரிடம்தான் ஒருநாள் சொன்னேன், பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் எடுக்கிறார்கள் என்று.

"ஏன் மாப்ள, தட்டுவடை சுட்ட எண்ணெயில பிளேன் ஓடுமா?"

ஓடும் மாமா, ஆனால் அப்படியே ஊற்ற முடியாது, சுத்திகரித்துச் சாதாரண எரிபொருளோடு கலக்க வேண்டும். 2027-ல் 1 சதவீதம், 2030-ல் 5 சதவீதம் என்று இந்தியாவில் இலக்கு வைத்திருக்கிறார்கள், அதுவும் வெளிநாடு போகிற விமானங்களுக்கு. சேலத்திலிருந்து உள்நாட்டுக்கு மட்டும்தான் போகிறது, எங்கள் ஓடுபாதைக்கு அந்தக் கணக்கு இன்னும் வரவில்லை. மாமா யோசித்துவிட்டு, அந்த எண்ணெயைத்தான் மறுபடி வடைச் சட்டியிலேயே ஊத்திடறாங்களே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

பெங்களூருவில் இருந்தபோது பேட்டரி ஜிபியு ஒன்றைப் பார்த்தேன். சத்தமில்லை, புகையில்லை. ஓடுகிறதா என்று மேலே கையை வைத்து வைத்துப் பார்த்தேன். ஊர் திரும்பியதும், சத்தத்தை வைத்தே எந்த இஞ்செக்டர் போயிருக்கிறது என்று சொல்லிவிடும் எங்கள் டீசல் மெக்கானிக் அண்ணனிடம் அதன் போட்டோவைக் காட்டினேன். ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது அவருக்கு. பேட்டரி வேலையை அவருக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள் என்று இதுவரை ஒருவரும் பேசவில்லை. போட்டோவைப் பெரிதாக்கி, நாலு பக்கமும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் தம்பி, இதுல ஆயில் எங்க ஊத்தறது?"