தெரிந்த ஆங்கிலத்தை வாய்க்குக் கொண்டுவந்தது எப்படி

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. அலுவலக மின்னஞ்சல்களை நானே எழுதுவேன், செய்தி படிப்பேன், விண்ணப்பம் நிரப்ப யாரையும் கூப்பிட மாட்டேன். வாயைத் திறக்கும்போதுதான் சிக்கல். சொல்ல வேண்டியதைத் தமிழில் யோசித்து, கடைசியில் நிற்கும் வினைச்சொல்லைத் தூக்கி நடுவில் வைத்து, காலம் சரியா என்று பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். வேலைக்கு வந்து பல வருடங்கள் கழித்து இதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது ஒரே முடிவுதான் எடுத்தேன்: புதிதாக எதையும் படிப்பதில்லை, தெரிந்ததை வேகமாக்குவது.

சோம்பேறித்தனம் போலத் தோன்றும். ஆனால் மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் இருப்பது சுமார் 2,000 சொற்கள்தான். அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி இந்த அளவு சொற்களுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அந்தப் பட்டியலைப் புரட்டினால் எனக்குத் தெரியாத சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு எதற்கு இன்னொரு இலக்கணப் புத்தகம்?

பேசுவதற்கு முன் காதைத்தான் கவனித்தேன். எதிரே இருப்பவர் என்ன கேட்டார் என்பதே உறுதியாகத் தெரியாதபோது பதில் எப்படி வரும்? எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கும் ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மெதுவான செய்திகள். 1959-இல் தொடங்கிய முறை, ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், வேகத்தைக் குறைத்து வாசித்தார்கள். அப்புறம் பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்'. முழுதாகக் கேட்க மாட்டேன். ஒரு நிமிடப் பகுதியை மட்டும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிடுவேன். பள்ளிக்கூட டிக்டேஷன்தான், வேறொன்றும் இல்லை.

நான் கோட்டைவிட்டவை பெரிய சொற்கள் அல்ல, பொடிச் சொற்கள். 'ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்' என்று நான்கு சொற்களை எதிர்பார்த்துக் காத்திருந்தால், 'ஷுடவ் டோல்டிம்' என்று ஒரே மூச்சில் கடந்துவிடும். நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே நிதானத்தில் உச்சரித்துப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் முக்கியமான சொல் அழுத்தம் வாங்கிக்கொள்ளும், மற்றவை நசுங்கிவிடும். இதில் என்னை நிஜமாகவே உலுக்கியது 'கேன்' விவகாரம். 'என்னால் வர முடியும்' என்பதைச் சரளமாகப் பேசுபவர் 'ஐ க்ன் கம்' என்கிறார். அழுத்தம் கடைசிச் சொல்லில். முடியாது என்று சொல்லும்போதுதான் நடுச்சொல் ('கேன்ட்') முழுதாக, அழுத்தமாக வருகிறது. பல அமெரிக்கர்கள் வாயில் கடைசி 'ட்' கேட்பதே இல்லை. நானோ தெளிவாகப் பேசுவதாக நினைத்து 'கேன்' என்பதை நிறுத்தி அழுத்துவேன். வருகிறேன் என்று சொன்ன பிறகும் 'வருவீர்களா, மாட்டீர்களா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களே, அதன் ரகசியம் இதுதான். பதினைந்தும் ஐம்பதும் அப்படியே: 'ஃபிஃப்டீன்' என்பதில் பின்பாதியை அழுத்த வேண்டும், 'ஃபிஃப்டி'யில் முன்பாதியை. தொலைபேசியில் இன்றும் நான் 'ஒன் ஃபைவ்' என்று இலக்கத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், வம்பே வேண்டாம்.

இதே பதிவுகளோடு ஷேடோயிங்கும் செய்தேன். பேசுபவருக்கு அரை நொடி பின்னாலேயே நாமும் கூடவே பேசிக்கொண்டு போவது. உடனடி மொழிபெயர்ப்பாளர்களுக்கான பயிற்சியிலும் இது உண்டு. வீட்டில் சத்தமாகச் செய்தால் சிரிப்பார்கள். நடைப்பயிற்சியில் முணுமுணுத்துக்கொண்டால் போதும். சொல்லின் முடிவில் 'பேக்கு', 'டேட்டு' என்று நாம் ஒட்டும் உகரம் இதில்தான் உதிர்ந்தது. 'ஃப' சரியாக வருகிறதா என்று பார்க்க போனில் குரலால் தட்டச்சு செய்து பார்ப்பேன். 'ஃபைல்' என்றால் 'பைல்' என்று எழுதிக் காட்டும், தயவு தாட்சண்யமே கிடையாது.

சரளத்துக்கு உதவியது 4/3/2 என்கிற முறை. கீத் மாரிஸ் 1983-இல் எழுதியது. ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடம், அடுத்து 3 நிமிடம், பிறகு 2 நிமிடத்தில் சொல்ல வேண்டும். மூன்று பேரிடம் மாறி மாறிச் சொல்வதுதான் மூல முறை. எனக்கு போன் ரெக்கார்டரே மூன்று பேரும். தலைப்பு பெரும்பாலும் அன்று அலுவலகத்தில் நடந்தது. முதல் சுற்றில் 'ஆக்சுவலி' மழையாகக் கொட்டும். மூன்றாவது சுற்றில் யோசிக்க நேரம் இருக்காது, ஆனால் வாக்கியங்கள் ஏற்கெனவே இரண்டு முறை வாயில் ஓடியவை என்பதால் தானாக வந்து விழும். தமிழில் யோசித்து மாற்றுகிற வேலை அங்கேதான் கழன்றது. பதிவைத் திரும்பக் கேட்பது கொடுமை. இருந்தாலும் கேட்க வேண்டும்.

அப்புறம் மரியாதை. தமிழில் 'அனுப்புங்கள்' என்றால் மரியாதை வினையின் முடிவிலேயே வந்துவிடுகிறது. 'சென்ட் மீ த ஃபைல்' என்பதில் அது எங்கேயும் இல்லை, 'ப்ளீஸ்' ஒட்டினாலும் பல நேரம் உத்தரவுபோலவே கேட்கும். 'குட் யூ சென்ட் மீ த ஃபைல்?' என்று கேள்வியாக்கிவிட்டால் சரியாகிவிடும். 'வுட் யூ மைண்ட்' (உங்களுக்கு ஆட்சேபணை உண்டா) என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் உஷார். உதவி செய்ய சம்மதம் என்றால் அதற்கு 'நோ' வகையில்தான் பதில்.

புரியாதபோது தலையாட்டுவதை விட்டுவிட்டு, புரிந்த அளவைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன்: 'ஸோ யூ நீட் இட் பை தர்ஸ்டே, ரைட்?' வெறுமனே 'பார்டன்?' என்றால் அதே வாக்கியம் அதே வேகத்தில் திரும்பி வரும். இப்படிக் கேட்டால் எது தவறோ அதை மட்டும் திருத்துவார்கள். உடன் வேலைசெய்யும் ஒருவரும் இதே சிக்கலில் இருந்ததால் இருவரும் பேசிப் பழகினோம். நடுவில் யாரும் திருத்தக் கூடாது, முடிந்தபின் மூன்று திருத்தங்களுக்கு மேல் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம்.

சப்டைட்டில் போட்டுப் படம் பார்த்ததால் எனக்குப் பலன் இல்லை. கண் வாசித்துவிடுகிறது, காது ஓய்வெடுக்கிறது. மரபுத்தொடர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்ததும் வீண்தான்.

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கிண்டலும் சிரிப்புமாகப் பேசும் இடத்தில் எனக்கு இன்றும் திணறல்தான். கூட்டங்களில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்: ஆரம்பித்த ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று, ஒரு கேள்வியாவது கேட்டுவிடுவேன். அந்த நேரத்தில் பேச்சு இன்னும் தாளில் இருக்கும் தலைப்பை விட்டு நகர்ந்திருக்காது, என் வாக்கியத்தையும் முன்கூட்டியே 4/3/2-இல் ஓட்டிப் பார்த்திருப்பேன்.