கால் எட்டுகிற சைக்கிள்

2024 ஆகஸ்ட் 24, சனி

பாப்பா நெதர்லாந்து போய்ச் சேர்ந்து இன்றோடு ஆறு நாள். ஊர் பெயர் வாகனிங்கன், விவசாயப் படிப்புக்குப் பேர் போன பல்கலைக்கழகம். ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது, பக்கத்து ஊரான ஏடெயில் இறங்கி பஸ் பிடிக்கணும். நம்ம தருமபுரிலயே ரயில் நிக்குது, வெளிநாட்டுல நிக்காதா என்று வீட்டில் ஒரே கிண்டல். போனதும் குக்கர், சிம் கார்டு, அரிசி கிடைக்கிற கடை என்றுதான் பேச்சு வரும் என்று நினைத்தேன். அவள் கேட்டது, "அப்பா, பழைய சைக்கிள் வாங்கினா என்னென்ன பாக்கணும்?"

எனக்கு வாயெல்லாம் பல். குமாரசாமிப்பேட்டையில் எங்கப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பன்னிரண்டு வண்டி, ஒவ்வொன்றுக்கும் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். நான் நடை பழகினதே அந்த ஸ்டாண்டுகளைப் பிடித்துக்கொண்டுதான். இப்போது உரக்கடையில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் சக்கர அச்சு பேரிங்கைப் பிடிக்கிற கோன் டைட்டா லூசா என்று கை இன்னும் சொல்லும். ஏறக்குறைய ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கிற சைக்கிளுக்கு அந்தக் கை எப்படி எட்டும் என்பதுதான் பிரச்சினை.

அந்த நாட்டில் ஏறக்குறைய 1.8 கோடி பேர், சைக்கிள் 2 கோடிக்கு மேல். அப்படியிருக்க ஒன்று கிடைக்காமலா போகும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

முதல் சைக்கிள் பார்த்தாயிற்று. கருப்பு வண்டி, கசெல் கம்பெனி, 1892-ல் ஆரம்பித்த கம்பெனியாம், அந்த ஊரில் நம்ம ஹெர்குலிஸ் மாதிரி மரியாதை. 110 யூரோ. ரூபாயில் பத்தாயிரத்துச் சொச்சம் வருகிறது, அந்தக் காசுக்கு இங்கே புதுசே ஒன்று வாங்கிவிட்டு மிச்சத்தில் சீட் கவரும் பெல்லும் போடலாம். வீட்டில் அதைக் கணக்குப் போட்டு ஒரு பெருமூச்சு.

வீடியோவில் பார்த்தேன், ரிம் துரு இல்லை, செயின் முழுக்க மூடின கேஸ், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "ஏறி உக்காரும்மா" என்றேன். ஏறினாள், கால் தொங்கியது. சீட்டை அடியோடு இறக்கியும் பெருவிரல் மட்டும் தரையைத் தொடுகிறது. பாப்பா 5 அடி 1 அங்குலம். வண்டி ஃபிரேம் 57 செ.மீ. அந்த ஜனங்கள் பனைமரம் மாதிரி வளர்ந்தவர்கள், அவர்களுக்கு அது நடுத்தர அளவு.

இங்கே நாம் அளவு பார்த்தா வாங்கினோம்? 22, 24 என்று கடைக்காரர் சொல்வார், எட்டாவிட்டால் குரங்குப் பெடல், ரெண்டு வருஷத்தில் பையன் வளர்ந்துவிடுவான். இவள் இனிமேல் வளரப் போவதில்லை. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, தொடை இடுக்கில் ஒரு தடி நோட்டை வைத்துத் தரையிலிருந்து அளக்கச் சொன்னேன். 71 செ.மீ. அதை 0.66-ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு கிட்டத்தட்ட வரும் என்பது சைக்கிள்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு. 47 வருகிறது. 49 வரைக்கும் சமாளிக்கலாம், அதற்கு மேல் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்று நான் ஒரு பெரிய மனுஷத்தனம் செய்தேன்.

49 ஃபிரேம், 90 யூரோ, ஊர் திரும்புகிற மாணவர் ஒருவர் விற்கிறார். போட்டோ அனுப்பினாள். ஹேண்டில் பார் மொட்டையாக இருக்கிறது, ரெண்டு பக்கமும் பிரேக் லீவரே இல்லை. ரிம்மில் பிரேக் கட்டையும் இல்லை. "பிரேக்கைக் கழட்டி வித்துட்டு மிச்சத்த உன் தலைல கட்டறான், வேண்டாம்" என்று குரல் பதிவே அனுப்பினேன், கொஞ்சம் காட்டமாக. அவளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அரை மணி நேரத்தில் வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

ராத்திரி அவளோடு தங்கியிருக்கிற பெண் விளக்கியிருக்கிறாள். பிரேக் பின் சக்கரத்து நடுவில் இருக்கிற ஹப்புக்குள்ளேயே இருக்கிறதாம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் வண்டி நிற்கும். அங்கே நிறைய சைக்கிள் அப்படித்தான்.

ஆகஸ்ட் 28, புதன்

பென்னாகரம் ரோட்டில் தம்பியின் பட்டறைக்குப் போனேன். எங்கப்பா கடையில் டியூப் ஒட்டப் பழகிய பையன், இப்போது அவனுக்கே மீசை நரைத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் பஞ்சர் தொட்டியில் கை வைத்தபடியே சிரித்தான். "பின்னாடி மிதிச்சா பிரேக்கா? அப்ப சிக்னல்ல நின்னா பெடலை எப்படிணா மேல தூக்கி வைப்பாங்க?"

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவில்லை. நம்ம ஊர்ப் பழக்கத்தில் நிற்கும்போது பெடலைப் பின்னால் சுற்றி, மிதிக்கத் தோதாக வைத்துக்கொள்வோம். அந்த வண்டியில் அது நடக்காது, நிற்கும்போதே பெடல் சரியான இடத்தில் வருகிற மாதிரி பார்த்து நிற்கணும், இல்லையென்றால் வண்டியைக் கொஞ்சம் உருட்டணும். பாப்பாவிடம் கேட்டேன், ரெண்டு நாளில் பழகிவிடும் என்கிறார்களாம். மழையில் ரிம் நனைந்தாலும் அந்த பிரேக் வழுக்காது என்பது நல்ல குணம். நம்ம பிரேக் கட்டை மழையில் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீளமான இறக்கத்தில் ஹப் சூடேறிவிடும், அதை மட்டும் நம்பித் தொப்பூர் கணவாயில் இறங்கினால் கதை முடிந்தது. அங்கே நாடே தட்டை, அதனால் பிழைத்தார்கள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஏதோ வாட்ஸ்அப் குழுவில் 35 யூரோவுக்கு ஒரு வண்டி. கிட்டத்தட்டப் புதுசு. பணமாகத்தான் வேண்டுமாம், ரசீது கிடையாதாம், இருட்டின பிறகுதான் காட்டுவானாம். பாப்பாவுக்கு ஆசை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அங்கே திருட்டு சைக்கிள் பெரிய வியாபாரம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய மலிவு விலையிலோ வாங்கினால் வாங்கினவரும் குற்றவாளி. படிக்கப் போன இடத்தில் இது தேவையா? வண்டிகளைப் பதிவு செய்கிற ஆர்.டி.டபிள்யூ. என்ற அமைப்பு இருக்கிறது, அதன் இணையதளத்தில் ஃபிரேம் நம்பரைப் போட்டால் திருட்டுப் புகார் உள்ள வண்டியா என்று தெரிந்துவிடும். நம்பர் எங்கே இருக்கும் என்று கேட்டாள். நம்ம வண்டியில் பெடல் அச்சுக் கூட்டுக்கு அடியில் குத்தியிருப்பார்கள், கவிழ்த்துப் பார் என்றேன். அங்கே நிறைய வண்டிகளில் சீட்டுக்குக் கீழே இறங்குகிற குழாயிலேயே இருக்கிறதாம். எங்கே இருந்தாலும் சரி, அந்த இடத்தில் ராவியோ சுரண்டியோ இருந்தால் திரும்பி வந்துவிடு என்று சொன்னேன். அந்த ஆளிடம் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னதும் பதிலே இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

நாளைக்கு வகுப்பு ஆரம்பம், சைக்கிள் இன்னும் இல்லை. டெல்ஃப்டில் படிக்கிற அவள் தோழி ஸ்வாப்ஃபீட்ஸ் என்ற கம்பெனியில் மாத வாடகைக்கு வண்டி எடுத்திருக்கிறாளாம். முன் டயர் மட்டும் நீல நிறம், தூரத்திலிருந்தே இது அந்தக் கம்பெனி வண்டி என்று தெரியும். 2014-ல் அதே டெல்ஃப்டில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். ரிப்பேர் என்றால் சரி பண்ணித் தருவார்கள், இல்லையென்றால் வேறு வண்டி தருவார்கள்.

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வெள்ளைப் பெயிண்டுக்குப் பதில் நீல டயர், அவ்வளவுதானே, மற்றபடி தாத்தா கடை. எங்கப்பா மணிக்கு ஒரு ரூபாய் வாங்கினார், நேரம் எழுத ஒரு நீள நோட்டு, நேரம் தாண்டினால் பத்து நிமிஷம் சலுகை. தெரியாத முகமாக இருந்தால் தெரிந்த ஒருத்தர் பெயரைச் சொல்லணும். இவர்கள் வங்கிக் கணக்கைக் கேட்கிறார்கள். வீட்டுக்கு வீடு டூவீலர் வந்து அவர் கடையை மூடினார். சைக்கிளே குலதெய்வமாக இருக்கிற நாட்டில் அதே தொழிலுக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது. அவர் இருந்திருந்தால் கேட்டுவிட்டு, நீல டயருக்கு டியூப் யாருது என்று விசாரித்திருப்பார்.

ஆனால் ரெண்டு வருஷப் படிப்புக்கு மாதாமாதம் கட்டுவதைக் கூட்டினால் நல்ல பழைய வண்டி ரெண்டு வாங்கிவிடலாம். வேண்டாம் என்று முடிவு.

செப்டம்பர் 4, புதன்

ரெண்டு வண்டி பார்த்தாள். ஒன்றில் பெடல் மாட்டுகிற கிராங்க் ஆட்டம், இன்னொன்றில் முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் பின்னால் வளைந்திருக்கிறது, எங்கேயோ மோதியிருக்கிறது. போட்டோவிலேயே தெரிந்தது. உரக்கடையில் யூரியா கேட்டு வந்தவர் நின்றுகொண்டே இருந்தார், நான் போனைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை வேகும்போது வீடியோ அழைப்பு.

பக்கத்து ஊர் பென்னகோமில் ஒரு பாட்டி விற்கிறார். வயதாகிவிட்டது, இனி ஓட்டப் போவதில்லையாம். அந்த ஊர்க் கணக்குக்குக் குள்ளம், நம்ம அதிர்ஷ்டம். ஃபிரேம் 49. மூன்று கியர், எல்லாம் ஹப்புக்குள், வெளியே தொங்குகிற சமாச்சாரம் எதுவும் இல்லை. பின்னால் பெடல் பிரேக், முன்னால் ஒரு கை பிரேக்கும் உண்டு. 145 யூரோ.

இந்த முறை கண்ணை நம்பவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்ல அவள் செய்தாள். போனைச் சீட்டில் வைத்துவிட்டு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றச் சொன்னேன், பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளி மாறாமல் ஓடினால் கோட்டம் இல்லை. ஓடியது, ஒரு இடத்தில் மட்டும் நூலளவு. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினாள், ஆட்டம் இல்லை. கிராங்கைப் பிடித்து உள்ளும் வெளியும் இழுத்தாள், இல்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் தள்ளினாள், லேசாக "டக்". அது ஃபோர்க் கப், டைட் வைத்தால் போதும், ஆனால் விலை பேசுவதற்கு ஆகும். கியர் மாற்றும்போது மிதிப்பதை நிறுத்திவிட்டு மாற்று, ஹப் கியருக்கு அதுதான் பழக்கம் என்றேன். மூன்றும் விழுந்தது.

அப்புறம் டயரைப் பக்கத்தில் காட்டச் சொன்னேன். 40-635 என்று அச்சு. நான் கொழுக்கட்டைத் தட்டை வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். எங்கப்பாவின் பழைய ரோட்ஸ்டர் அங்கேதான் நிற்கிறது, டயரைத் துணியால் துடைத்தால் அதே எண், நம்ம 28 ஒன்றரை. குமாரசாமிப்பேட்டை வாடகை வண்டிக்கும் அந்தப் பாட்டி வண்டிக்கும் ஒரே சக்கரம்.

"வாங்கிடு" என்றேன். பாப்பா 130-க்குப் பேசினாள், பாட்டி காற்றடிக்கிற பம்ப்பையும் சும்மா கொடுத்துவிட்டார். திருட்டுப் பதிவில் நம்பர் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தாள், பாட்டி அதைத் தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லையாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பூட்டு. பின் சக்கரத்து வளையப் பூட்டு வண்டியோடு வந்தது, நம்ம ஊரிலும் அதே வளையம்தான். அது மட்டும் போதாது, வண்டியையே தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள், கம்பத்தோடு சேர்த்துக் கட்ட ஒரு தடிச் சங்கிலி வேண்டும். அங்கே பூட்டுக்கும் நட்சத்திரம் போட்டுத் தரம் சொல்கிறார்கள். ரெண்டு நட்சத்திரப் பூட்டு வாங்கியிருக்கிறாள், அதன் விலையைக் கேட்டு வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார்கள்.

விளக்கும் கட்டாயம், முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு. இங்கேயும் லைட் இல்லை, டபுள்ஸ் என்று போலீஸ் பிடித்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அங்கே கேரியரில் ஆளை வைத்துப் போவது சர்வசாதாரணமாம். ஆனால் ஓட்டும்போது போனைக் கையில் பிடிக்கக்கூடாது, 2019 ஜூலை 1 முதல் சட்டம்.

செப்டம்பர் 14, சனி

போனைப் பையில் போட்டு, காதில் இயர்போனோடு கல்லூரியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே எனக்கு ஒரு சத்தம் கேட்டது. டக்... டக்... டக்.

"அது என்ன சத்தம்?"

"ரெண்டு நாளா வருதுப்பா. பேஜாரா இருக்கு."

"பெடல் ஒரு சுத்துக்கு ஒரு தடவையா, இல்ல சக்கரம் ஒரு சுத்துக்கா?"

எண்ணிப் பார்த்தாள். பெடல் சுற்றுக்கு ஒன்று. சக்கரத்து வேலை இல்லை என்றால் பாதிக் கவலை போயிற்று. எந்தக் கால் இறங்கும்போது? வலது. பெடல் பேரிங்காக இருந்தால் கரகரப்பு இருக்கும், இது சுத்தமான டக். ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்க்கச் சொன்னேன். செயின் கேஸ் ஒரு இடத்தில் வெளியே பிதுங்கி இருக்கிறது, ஸ்டாண்டில் பக்கத்து வண்டி மாட்டி இழுத்திருக்கும், கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தொட்டுவிட்டுப் போகிறது. "கட்டை விரலால உள்ள அழுத்து." அழுத்தினாள். ஏறி மிதித்தாள். சத்தம் இல்லை, காற்று மட்டும் கேட்டது.

சாயங்காலம் தம்பி பட்டறையில் இதைச் சொன்னேன். அவன் அதை விட்டுவிட்டு நேற்று பாப்பா அனுப்பின வால்வு போட்டோவை மறுபடி காட்டச் சொன்னான். பார்வைக்கு நம்ம வால்வு மாதிரியேதான், பம்ப்பும் அப்படியே பொருந்துமாம், ஆனால் உள்ளே ரப்பர் வால்டியூப் கிடையாது, அது இல்லாமலே காற்றைப் பிடித்து நிறுத்துகிறது. அவன் காலையிலிருந்து அறுந்த வால்டியூப் மட்டும் ஐந்து மாற்றியிருக்கிறான். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "பாப்பா லீவுக்கு வரப்ப அதுல ஒரு டஜன் வாங்கியாரச் சொல்லுணா, காசு குடுத்துடறேன்."